அக்கரை டவர்

சிம் தட்டைத் திறக்க தென்சா தன் இடது காதுத் தோட்டைக் கழற்றுவாள். அதற்கென்று ஊசி இருக்கிறது. அவளே மேசை ஓரத்தில் கொத்துக் கொத்தாக விற்கிறாள். ஆனாலும் அவள் கைக்குத் தோட்டின் கம்பிதான் வாகு. தட்டு வெளியே வந்ததும் துளைக்குள் டார்ச் அடிப்பாள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொட்டு தண்ணீர் பட்டுச் சிவந்திருந்தால் தீர்ந்தது. "குளிச்சிருக்கு. யாரோட குளிச்சுதுன்னு நான் கேக்கல," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

முழுப்பெயர் ஒர்தென்சியா எஸ்காமில்யா; சந்தையில் மரியாதையாக 'தோன்யா' என்பார்கள். ரியோ கிராண்டே ஆற்றின் டெக்சஸ் கரையில் கூடும் வாரச் சந்தையில், தகரக் கூரைக்குக் கீழே, பத்தொன்பது வருடமாகப் பழைய போன் விற்கிறாள், பழுதும் பார்க்கிறாள். சிக்னல் இல்லை என்று வருகிறவர்களிடம் முதலில் போனை வாங்க மாட்டாள். வீடு எங்கே, கூரை எதனால் போட்டது, மாதக் கட்டணம் கட்டியாயிற்றா என்று ஆளைத்தான் விசாரிப்பாள். பிறகு போனின் அடையாள எண்ணை வரவழைத்துப் பார்ப்பாள். அது திருட்டுப் பட்டியலில் இருந்தால் ஒரு விரலால் மேசை விளிம்புக்குத் தள்ளுவாள். "இது செத்துப் போச்சு. பாதிரியாரப் போய்ப் பாரு."

இதெல்லாம் சரியாக இருந்தால் அவள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "அக்கரைக்காரன் இழுக்குறான்." ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மெக்சிகோ டவர்கள் சந்தைக்கு அத்தனை பக்கம். இங்கே வரும் போன்கள் தாமாகவே அவற்றைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். செட்டிங்கில் போய் போனை இக்கரையில் கட்டிப் போட்ட பிறகுதான் எதையும் சோதிக்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வாள்.

மார்ச் மாதம் நெரெய்தா வந்த அன்று தென்சாவே அதைச் செய்யவில்லை. கூட்டம் அதிகம். நெரெய்தா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். இருபது மைல் வடக்கே, அக்காள் வீட்டு சோபாவில் இரண்டு பிள்ளைகளோடு படுப்பவள். போன் தென்சாவிடம் வாங்கியதுதான்.

"தோன்யா தென்சா, நாலு கோடும் நிக்குது, படமெல்லாம் ஓடுது. ஆனா யார் கூப்பிட்டாலும் அடிக்க மாட்டேங்குது."

தென்சா தன் போனிலிருந்து அழைத்தாள். மேசைமேல் கிடந்த போன் துள்ளித் துள்ளி அடித்தது.

"போனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது மகளே. கூப்பிடுவான்னு நீ யாரையோ நெனச்சுட்டு இருக்க, அவன் கூப்பிடல. அதுக்கு என் போன் என்ன பண்ணும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நெரெய்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்தச் சனிக்கிழமை அவள் ஒரு கடிதத்தோடு வந்து நின்றாள். குறைந்த வாடகை வீட்டுக்காக அவள் நாலு வருடம் பட்டியலில் காத்திருந்த அலுவலகத்திலிருந்து வந்தது. ஏப்ரல் எட்டாம் தேதி ஒரு முறையும் ஒன்பதாம் தேதி ஒரு முறையும் அழைத்தோம், பதில் இல்லை, உங்கள் பெயர் நீக்கப்பட்டது.

"ரெண்டு நாளும் போன் கையிலதான் இருந்துச்சு. குளிக்கப் போறப்பக்கூட பெரியவன் கையில குடுத்துட்டுத்தான் போனேன்."

தென்சா போனை வாங்கினாள். செட்டிங்கைத் திறந்து போனை இக்கரையில் கட்டினாள். நாலு கோடும் நின்றன. தன் போனிலிருந்து அழைத்தாள். மேசையில் சத்தமே இல்லை. மறுபடி அழைத்தாள். கட்டை அவிழ்த்துவிட்டதும் மெக்சிகோ கம்பெனியின் பெயர் திரையில் வந்தது. இப்போது அழைத்தாள்; அடித்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மாதிரி பழைய போன்களுக்குக் குரல் கொண்டுவந்த பழைய 3ஜி வலையை இக்கரையில் மூடிவிட்டார்கள். புதிய வலை அதில் படம் காட்டும், பேச விடாது. அக்கரையில் பழைய வலைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. மார்ச் மாதம் இந்த மேசையில் அடித்தது அந்தக் கரையின் மணி.

"என்னாச்சு தோன்யா?"

"இது இங்க மட்டும்தான் அடிக்கும். உன் வீட்டுல ஒரு நாளும் அடிச்சிருக்காது."

நெரெய்தா கடிதத்தை நாலாக மடித்தாள். "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க."

"நான்தான் சிரிக்க வெச்சேன்."

பின்னால் நின்ற ஒருவன், "தோன்யா, எனக்கு அவசரம்," என்றான்.

"அவசரம்னா நடந்து போயி நேர்ல பேசிக்கோ," என்ற தென்சா, நெரெய்தாவின் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். அடியில் இருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தினாள்.

"இன்னைக்கு சனிக்கிழமை. ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க."

தென்சா உள்ளங்கையைக் காட்டி அவளைப் பேசாமலிருக்கச் சொன்னாள். பதிவு செய்த குரல் அலுவலக நேரத்தை ஆங்கிலத்தில் சொன்னது, ஸ்பானிஷில் சொன்னது, திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. அவசரக்காரன் ஒரு போனைத் தூக்கிக் காட்டி விலை கேட்டான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்தக் குரலை மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.