'கறள்' இசைக்குழுவும் தவமலரின் ஏச்சும்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் தவமலரிடம் ஏச்சு வாங்காத தமிழ்க் குடும்பம் குறைவு. கோயில் வாசலில் செருப்பைத் தாறுமாறாகக் கழற்றி விட்டவர்கள், குளிருக்குத் தொப்பி போடாமல் பிள்ளையை வெளியே கொண்டுவந்தவர்கள், கலியாண வீட்டில் சோற்றை மிச்சம் விட்டவர்கள் என்று எல்லோருக்கும் அவளிடம் ஒரு பங்கு உண்டு. முகத்துக்கு நேரே ஏசுவாள். ஏசி முடித்த கையோடு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். ஆகவே யாரும் கோபிப்பதில்லை. இந்தத் தவமலர்தான் ஒரு காலத்தில் ஊரின் முதல் பங்க் இசைக்குழுவோடு மேடையேறிக் கத்தியவள் என்பது அவள் பெற்ற மகளுக்கே தெரியாது. அவள் மறைத்தாள் என்றில்லை. அதைப் போய் யார் கேட்கப் போகிறார்கள்.

கணவன் நித்தியானந்தன் எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அடுத்த வருடம் அவளும் வந்து சேர்ந்தாள். தையல் தெரிந்தவள் என்பதால் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பக்கத்து மெஷினில் லோனே என்ற பத்தொன்பது வயது டேனிஷ் பெண். பச்சை அடித்த தலைமயிர், சீப்பையே கண்டிராததுபோல நிமிர்ந்து நிற்கும். காற்சட்டை இரண்டு முழங்காலிலும் கிழிசல். தோல் ஜாக்கெட்டைக் கேட்கவே வேண்டாம். கிழிந்த இடமெல்லாம் சேஃப்டிபின் குத்தியிருந்தது, முதுகில் வெள்ளைப் பெயின்றால் என்னவோ கிறுக்கியிருந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, உடுப்புத் தைத்துக் கொடுக்க ஆளில்லை, பொல்லாத யாரோ முதுகில் எழுதியும் விட்டிருக்கிறார்கள் என்று தவமலர் தன்பாட்டில் முடிவு கட்டிவிட்டாள். கேட்டுப் பார்க்க அவளிடம் அப்போது டேனிஷ் இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை லோனே ஜாக்கெட்டைக் கொளுக்கியில் மறந்து விட்டுப் போனாள். தவமலர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். சனி முழுக்க இருந்து பின்களைக் கழற்றினாள். மொத்தம் அறுபத்துமூன்று, பாதிக்கு மேல் துருவேறிக் கறள் பிடித்தவை. கிழிசல் ஒவ்வொன்றையும் தையல் வெளியே தெரியாமல் பொருத்தினாள். ஞாயிறு முதுகெழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திங்கள் காலை, மடித்த ஜாக்கெட்டையும் பின்கள் நிறைந்த ஜாம் போத்தலையும் லோனேயின் மடியில் வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு பக்கத்தில் நின்றாள்.

லோனே அந்த ஜாக்கெட்டைக் கிழிப்பதற்கு ஒன்றரை வருடம் செலவழித்திருந்தாள். ஜாக்கெட்டைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், தவமலரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெஷினில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று தவமலர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சிரிப்பு என்று தெரிய வெகுநேரம் எடுத்தது.

பங்க் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று சுருதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு உலகத்தோடு சண்டை பிடிக்கும் இசை அது. கோப்பன்ஹேகனில் அது பிறந்து பழசாகிப் போன பிறகுதான் எங்கள் ஹேர்னிங்குக்கு வந்தது. எங்கள் ஊருக்கு எதுவும் ஆறுதலாக, பிந்தித்தான் வரும். லோனே பாடகி. பிரேபன் என்ற நெடுவல் மேளம் அடிப்பான். இன்னும் இரண்டு பேர் கிற்றார். இளைஞர் மன்றத்தின் நிலவறையில் வாசித்துப் பழகுவார்கள். தன்னைத் திருத்த வந்த இந்தத் தையற்காரியை அவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று லோனே அவளை அங்கே கூட்டிப் போனாள்.

போனால் அங்கே எல்லோருக்கும் கிழிசல். பிரேபனுக்குக் காதிலேயே பின், அதுவும் கறள் பிடித்தது. கறள் இரும்பு குத்தினால் ஏற்பு வந்து உடம்பு விறைத்துச் செத்துப்போவாய் என்ற பயமுறுத்தலோடு வளர்ந்த தவமலருக்குப் பொறுக்கவில்லை. இருந்த கொஞ்ச டேனிஷும் மறந்து போய்த் தமிழில் தொடங்கினாள்.

"எடேய், உனக்கு மண்டையிலை ஒண்டும் இல்லையோ? கறள் ஊசியைக் கழட்டு. கழட்டெண்டால் கழட்டு. ஏற்பு வரும், ஏற்பு வரும், ஏற்பு வந்தால் ஆர் பாக்கிறது?"

பிரேபன் பின்னைக் கழற்றவில்லை. மேளத் தடியை எடுத்து அவள் ஏச்சுக்குத் தாளம் போட்டான். அவள் இன்னும் ஏசினாள். கிற்றார்களும் சேர்ந்துகொண்டன. அன்று அவள் களைத்துப் போய்க் கதிரையில் உட்கார்ந்தபோது அவர்களிடம் ஒரு பாட்டு இருந்தது. கறள் என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, குழுவின் பழைய பெயரை எறிந்துவிட்டு 'கறள்' என்றே பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடத்தில் ஏழு தடவை மேடையேறினாள். சேலைக்கு மேல் குளிர்க் கோட்டுப் போட்டுக்கொண்டு, கடைசிப் பாட்டில் வந்து, கூட்டத்தைப் பார்த்து மனதார ஏசிவிட்டுப் போவாள். சில்க்போர்க் நகரில் ஒருமுறை மூன்று தரம் திரும்ப ஏசச் சொல்லிக் கேட்டார்கள். நித்தியானந்தன் முன்வரிசையில் காதுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு பெருமையாக இருப்பார். வீட்டில் சும்மா கிடைப்பதைக் கேட்க இவ்வளவு சனமா என்று அவருக்கு ஒரே அதிசயம். பிறகு கஜந்தி பிறந்தாள். கிற்றார்க்காரர் ஒருவர் கோப்பன்ஹேகன் பக்கம் புரொண்பிக்குக் குடிபோனார். குழு தானாகக் கலைந்தது. தொழிற்சாலையும் மூடப்பட்டு, தவமலர் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் இலங்கையில் யுத்தம் முடிந்தது. வன்னியில் இருந்த அவளுடைய அக்கா அருமைநாயகியைப் பற்றி இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. அந்த இரண்டு மாதமும் தவமலர் ஒருவரையும் ஏசவில்லை. கோயிலில் செருப்புகள் கண்டபடி கிடந்தன, அவள் கடந்து போனாள். அதைப் பார்த்துத்தான் சனம் பயந்தது. ஆடி மாதம் தொலைபேசி வந்தது. அக்காவும் இரண்டு பேரப்பிள்ளைகளும் உயிரோடு வவுனியா முகாமில் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பக்கத்துக் கூடாரத்தாரின் கைபேசியில் அக்காவின் குரல் வரும். ஆனாலும் தவமலரின் வாய் பழையபடி திறக்கவில்லை. அக்கா முள்ளுக்கம்பிக்குள் இருக்கும்போது, சிரித்தாலும் ஏசினாலும் அவளுக்குக் குற்றமாகப் பட்டது.

புரட்டாசியில் லோனே வீட்டுக்கு வந்தாள். பச்சை மயிர் நரைத்துவிட்டது. பள்ளிக்கூட ஆசிரியை, மூன்று பிள்ளைகளின் தாய். பழைய நிலவறையை இடிக்கப் போகிறார்கள், அதற்கு முன் ஊரின் பழைய பங்க் ஆட்கள் எல்லாரும் ஒருநாள் கூடுகிறார்கள், 'கறள்' பாட வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்காம். பங்க் ஆட்களுக்கும் இப்போது திங்கள் காலை வேலை இருக்கிறது.

"நீ வராட்டி அந்தப் பாட்டை நாங்கள் பாடேலாது" என்று டேனிஷில் சொன்னாள் லோனே.

"என்ரை அக்கா அங்கை கூடாரத்துக்கை இருக்கிறா. நான் மேடையிலை ஏறிக் கூத்தாடுறதோ?" என்றாள் தவமலர். லோனே வற்புறுத்தவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அவள் கையை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனாள்.

சமையலறை வாசலில் நின்று கேட்ட கஜந்திக்குக் கண் வெளியே வந்துவிட்டது. "அம்மா, நீங்கள் பங்கரா?" என்று டேனிஷில் கேட்டாள். நித்தியானந்தன்தான் மகளுக்கு முழுக்கதையும் சொன்னார். சொல்லிவிட்டு மனைவியிடம் திரும்பினார். "சனம் கதைக்கும். அதை நான் பாக்கிறன். உனக்குப் போக மனமிருக்கோ, அதைச் சொல்லு."

மனம் இருந்தது. அதுதான் அவளை வதைத்தது. அந்த ஞாயிறு அக்காவிடம், பாவம் செய்ததை ஒப்புக்கொள்வதுபோல எல்லாவற்றையும் சொன்னாள்.

"எடி மலர், நீ எண்பத்தேழிலை கொப்பியெடுத்து ஒரு கசெற் அனுப்பினனி, நினைவிருக்கோ?" என்றாள் அருமைநாயகி. "அதிலை கடைசியிலை இந்தக் கூத்தும் கிடந்தது. கசெற் எத்தினையோ இடப்பெயர்விலை துலைஞ்சு போச்சுது. பாட்டுத் துலையேல்லை. ஷெல் விழேக்கை பதுங்குகுழிப் பங்கருக்குள்ளை இந்தப் பிள்ளையள் ரெண்டும் நடுங்குங்கள். நான் உன்னைப்போலை ஏசிக் காட்டுவன். கறள் ஊசியைக் கழட்டு, ஏற்பு வரும். ஷெல்லை விட ஏற்புக்குப் பயப்பிடச் சொல்லிச் சிரிக்க வைப்பன். சுத்திவர இருந்த பிள்ளையளும் அதைச் சொல்லிப் பழகிப் போச்சுதுகள். நீ போ. போய் நல்லா ஏசு. பாடேக்கை போனை மட்டும் நிப்பாட்டாதை, நாங்களும் கேக்கிறம்."

தவமலர் போனை வைத்துவிட்டு அழுதாள். நாலு மாதமாக வராத அழுகை அது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அன்று முழுவதும் பாத்திரம் கழுவாத மகளுக்கு அரைமணி நேரம் ஏச்சுக் கொடுத்தாள். வீடு பழையபடி வீடானது.

ஐப்பசி முதல் ஞாயிறு நிலவறையில் முந்நூறு பேர். வழுக்கைத் தலைகளும் மூக்குக் கண்ணாடிகளும், வயிற்றில் பூட்ட மறுக்கும் பழைய தோல் ஜாக்கெட்டுகளும். பிரேபன் மேளத்துக்குப் பின்னால் முழங்காலில் கட்டுப் போட்டு இருந்தான். தவமலர் சேலையோடு மேடையேறியதும் எழுந்த ஆரவாரத்தில் தூசி கொட்டியது. நித்தியானந்தன் பஞ்சு கொண்டுவர மறந்து கைவிரலால் காதைப் பொத்தினார். கஜந்தி மேடை ஓரத்தில் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் வவுனியா.

தவமலர் வாயைத் திறந்தாள். முதல் வார்த்தைக்குக் குரல் நடுங்கியது. இரண்டாவது வார்த்தையை அவள் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஆசிரியைகளும் பேருந்துச் சாரதிகளும் தாதிகளும் சேர்ந்து, இருபத்திரண்டு வருடமாக நெஞ்சில் வைத்திருந்த யாழ்ப்பாணத் தமிழில் அடித்தொண்டையால் கத்தினார்கள். கறள் ஊசியைக் கழட்டு. ஏற்பு வரும், ஏற்பு வரும். அவர்களை விட உரத்து ஏச வேண்டும் என்ற ரோசம் தவமலருக்கு வந்தது. நடுக்கம் போன இடம் தெரியவில்லை. அவளுக்குச் சந்தோசமாக இருந்தது, அதில் குற்றம் ஒன்றும் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. கஜந்தி கைபேசியைத் தாயின் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல், அதற்கு நடுவே அக்காவின் சிரிப்பு.

"மலர், அங்கை எத்தினை பேரடி?"

"முந்நூறு இருக்கும் அக்கா."

"எல்லாரும் வெள்ளைக்காரரோ?"

"ஓம்."

"நல்லாத்தான் ஏசுறாங்கள்" என்றாள் அருமைநாயகி. "இன்னொருக்காப் பாடச் சொல்லு. எங்கட வரிசைக் கூடாரத்துச் சனம் முழுக்க வந்து நிக்குது. பின்னாலை நிக்கிறவைக்குக் கேக்கேல்லையாம்."

தவமலர் கைபேசியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கட்டி வைக்கச் சொன்னாள். பிறகு பிரேபன் பக்கம் திரும்பி, முதலிலிருந்து தொடங்கு, இந்த முறை இன்னும் உரத்து அடி என்று டேனிஷில் சொன்னாள்.