உயிரோடு ஒரு சாம்பிள்

என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்ததைத் தவிர உலகத்தில் வேறெதையும் நம்பாத மனுஷன். மேலாகக் கிடக்கும் வத்தலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதில் ஒரு பிடி அள்ளி, அதில் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்குவார். உள்ளே விதை கலகலத்தால் காய்ந்த சரக்கு. சத்தம் வராவிட்டால், "எடை நிக்கட்டும்னு தண்ணி தெளிச்சிருக்க, யாருகிட்ட?" என்று ஆரம்பித்துவிடுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று குலுக்கிப் பார்க்காமல் விட்டது எங்கள் அப்பா செய்த புண்ணியம்.

எண்பதுகளின் கடைசியில் அவருடைய வலது தொடையில் ஒரு கட்டி வந்தது. வலி கிடையாது. ஆனால் வளர்ந்துகொண்டே இருந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சின்னத் துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு, இது சதையில் வரும் புற்றுநோய், பெயர் சார்கோமா என்றார்கள். வயதில் சின்னவரான ஒரு பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். சீக்கிரம் வந்தால் காலை எடுக்காமலே கட்டியைச் சுற்றுச் சதையோடு அப்புறப்படுத்தப் பார்க்கலாம். பிறகு கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். தள்ளிப் போட்டால் கால் போகும், அதற்கும் தள்ளிப் போட்டால் ஆளே போகலாம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாம்பிள் இருக்கா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். இந்த வியாதி வந்து, ஆபரேஷன் செய்து, நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு ஆளைக் கண்ணில் காட்டச் சொல்கிறார். டாக்டர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். "ஒருத்தர் வியாதிய நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதும்மா. அதோட, ஒருத்தர் பிழைச்சாருங்கிறதால இவரும் பிழைப்பாருன்னு ஆகாது. ஒவ்வொரு கட்டியும் ஒவ்வொரு விதம்" என்றார்.

"பாத்தியா? சரக்கக் காட்ட மாட்டேங்குறாக" என்று இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியெல்லாம் பஸ்ஸில் நான் பேசியதைக் கேட்டு, காரியாபட்டியில் இறங்க வேண்டிய இரண்டு பேர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். வியாதி வெளியே தெரிந்தால் சம்பந்தம் கிடைக்காது. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் வாயுப் பிடிப்பு என்று சொல்லி வைத்தோம். வாயுவுக்கு நல்லது என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்து வீடு பூண்டால் நிறைந்தது. ஒரு வாரம் எங்கள் வீட்டுக் காபிகூடப் பூண்டு வாசம் அடித்தது.

புத்தகத்தில் அச்சடித்ததைக் காட்டினாலாவது வழிக்கு வருவாரா என்று டவுன் நூலகத்துக்குப் போனேன். மருத்துவ அலமாரியில் மூலத்துக்கு நாலு புத்தகம், சர்க்கரைக்கு மூன்று, பிள்ளைப்பேறுக்கு ஒரு தட்டு முழுக்க. சார்கோமாவுக்கு ஒரு வரி கிடையாது. அடுத்து, பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சராக இருந்த ஒரு கிறிஸ்தவ அம்மா வீட்டுக்குப் போனேன். அவர்களிடம் தடித்தடியாக இங்கிலீஷ் புத்தகங்கள் இருந்தன. தூரத்துச் சொந்தம் ஒருத்தருக்கு என்று சொல்லி வைத்தேன். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து மனதுக்குள் படித்தார்கள். படித்ததைச் சொல்லாமல் புத்தகத்தை மூடிவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தார்கள். ஜெபம் நீண்ட நீளத்தை வைத்தே உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். வந்ததும், அந்தப் புத்தகம் பழசு, அச்சடித்து இருபது முப்பது வருஷம் இருக்கும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

இனி ஆள்தான் வழி. "தூரத்துச் சொந்தத்துக்குத் தொடையில கட்டி, அது மாதிரி வந்து சரியானவுக யாரும் இருக்காகளா?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டு வைத்தேன். பாவம், நம் சனங்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு! கட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கிளம்பி வந்துவிட்டார்கள். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு கொழுப்புக் கட்டியோடு ஒருவர் வந்தார். முதுகில் சீழ்க்கட்டி பழுத்திருந்த ஒருவர் பரளச்சியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரையும் வெளிச்சத்தில் நிறுத்தி, அழுத்திப் பார்த்து, ரகம் பிரித்தார்.

"இது மெத்துனு இருக்கு. நம்மளது கெட்டி. இது வேற ரகம், அனுப்பு" என்று என் காதோடு சொல்வார்.

அதற்குள் கட்டி இன்னும் பெரிதாகியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினால் மேடு தெரிந்தது. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் பஸ் ஏறினேன். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, வெட்கத்தை விட்டுக் கத்தினேன்.

"இங்க யாராச்சும் தொடையில கட்டி வந்து, ஆபரேசன் பண்ணிப் பொழைச்சவுக இருக்கீகளா?"

அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தர் முகத்தையும் காணோம், எல்லாம் உச்சந்தலையாகத் தெரிந்தது. கோபமும் அழுகையுமாக வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். பின்னாலேயே ஒரு பெண் வந்து, செம்பு கழுவுவது போல் நின்றாள். என்னைவிட மூத்தவள், நரிக்குடிப் பக்கம். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"எனக்கு இருந்துச்சு தாயி. எடுத்தாச்சு. மருமகன் வீட்டுக்குக்கூடத் தெரியாது. இங்கன வாரதக் கண்ணு காட்ட வாரேன்னு சொல்லிட்டுத்தான் வாரேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, அருப்புக்கோட்டையில வத்தல் மண்டி வச்சிருக்கோம். எங்க வீட்டுக்காரர் உன்னையப் பாத்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாரு. ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போக்கா."

"என்னன்னு சொல்லிக்கிட்டு வர? வத்தல் போட வாரேன், இரு."

சொன்னபடியே அடுத்த வாரம் அரை மூட்டை வத்தலோடு மண்டி வாசலில் வந்து இறங்கினாள். வந்தது யார் என்று நான் சொல்வதற்குள் இவர் மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுவிட்டார். எடுத்தார், குலுக்கினார். சத்தம் இல்லை.

"தண்ணி தெளிச்சிருக்கீகளே, இது ஒங்களுக்கே நல்லாருக்கா?"

"ஈரந்தான் அண்ணாச்சி. நான் ஒண்ணும் வத்தல் விக்க வரல. ஒங்களுக்கு வந்தது எனக்கும் வந்துச்சு. அதச் சொல்ல வந்தேன்."

இவர் கடை ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு வந்தார். "எங்கன?" என்று கேட்டார். தொடையில் என்றாள். வாழ்நாளெல்லாம் மூட்டை மூட்டையாகக் கைவிட்டுப் பார்த்த மனுஷன், கேட்ட சாம்பிள் நேரில் வந்து நிற்கும்போது பார்க்க வழியில்லாமல் தராசை வெறித்துக்கொண்டு நின்றார். நான் அவளை உள்ளே கூட்டிப் போய்ப் பார்த்தேன். ஒரு கை வைக்கிற அளவுக்குச் சதை குழிந்து, நீளமாகத் தழும்பு ஓடியது. வந்து சொன்னேன்.

"நீ சொன்னா ஆச்சா? நீ டாக்டரு பக்கத்து ஆளு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எடைக்கல்லை எடுத்திருப்பேன். அதற்குள் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அண்ணாச்சி, மூட்டையத் தூக்கி விடுங்க" என்றாள். இவர் தூக்கி விட்டார். தலையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து தராசு வரைக்கும் நடந்தாள். வலது காலை லேசாக இழுத்துத்தான் நடந்தாள். ஆனால் நடந்தாள். அடுக்கிக் கிடந்த மூட்டைகள் மேல் ஏறி, உச்சியில் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி கீழே பார்த்தாள்.

"போதுமா? இன்னுங் கொஞ்சம் குலுக்கிப் பாக்கணுமா?"

என் வீட்டுக்காரர் கல்லாவில் போய் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வத்தல் நெடி என்றார். அத்தனை வருஷமாக அந்த நெடியில் ஒரு தும்மல்கூடப் போடாதவர். பயந்துதான் போயிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டி வந்த நாளிலிருந்தே பயம். அதைத்தான் சாம்பிள், சாம்பிள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஈர வத்தலை முழு விலைக்கு எடுத்துக்கொண்டார். மறுநாளே மதுரைக்குப் போனோம். தள்ளிப் போட்டதற்கு டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கால் தப்பியது. கரண்டு வைத்த இடம் கருத்துப்போனது, நடையில் ஒரு இழுப்பு தங்கிவிட்டது. மகள் கல்யாணமும் நடந்தது. ஆஸ்பத்திரியில் நான் கத்திய கதை இவர் காதுக்கு எட்டியதும், "பொம்பள இப்படியா மானத்த வாங்குவா?" என்று பல நாள் என்னோடு பேசாமல் இருந்தார்.

தொண்ணூறுகளில் ஒரு தடவை செக்கப்புக்குப் போயிருந்தோம். அதே கூடம், அதே பெஞ்சுகள், அதே மாதிரி குனிந்த தலைகள். டாக்டர் பார்த்து, ஒன்றும் இல்லை, போய்வாருங்கள் என்றார். வெளியே வந்தவர் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். என்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு மண்டியில் ஏலம் கூறுகிற குரலை எடுத்தார்.

"தொடையில கட்டி வந்து, ஆபரேசன் பண்ணிப் பொழைச்ச ஆளு, அருப்புக்கோட்டை வத்தல் மண்டிக்காரன், நாந்தான். பாக்கணும்னு நெனைக்கிறவுக வாங்க, எதுத்த டீக்கடையில இருக்கேன்."

யாரும் நிமிரவில்லை. நாங்கள் போய் டீ சொன்னோம். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் வந்து பக்கத்தில் நின்றார். வத்தல் இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டார். கண் மட்டும் இவர் தொடையிலேயே இருந்தது.

"வத்தல் கெடக்கட்டும்" என்று என் வீட்டுக்காரர் கிளாஸை வைத்துவிட்டு வேட்டியை ஒதுக்கினார். "கைய வச்சு நல்லா அழுத்திப் பாரு."

அந்த ஆள் கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. இவரும் எடுக்கச் சொல்லவில்லை. டீ ஆறிப்போனது.