பெஞ்சில் இருந்த கட்டம் போட்ட சட்டைக்காரர்

அன்றைக்குச் சித்தியிடம் மீன் வாசனையே இல்லை... பவுடர் வாசனைதான். கோவளத்தில் மீன் விற்கிறவர், கோர்ட்டுக்குப் போகிற நாள் என்று இரண்டு முறை குளித்திருந்தார். தாம்பரத்திலிருந்து ரயிலில் செங்கல்பட்டு போனோம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. போர்டு படித்துச் சொல்ல என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

சித்தி மகன் சூர்யாவுக்குப் பதினெட்டு ஆகச் சில மாதங்கள் இருந்தன. ஒரு மாலை ஈ.சி.ஆரில் அவன் பைக் ஓட்ட, பின்னால் இருந்த நண்பன், நடந்து போன ஒருவருடைய செல்போனைப் பறித்துவிட்டான். நண்பன் பதினெட்டைத் தாண்டியவன், ஜெயிலுக்குப் போனான். சூர்யா, சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லத்தில். அன்று அவனை வீட்டுக்கு விடுவார்களா என்பதுதான் கேள்வி.

அது சிறுவர்களுக்கான கோர்ட். கூண்டு, காக்கி... எதுவுமே அங்கே இல்லை. வெளியே பெஞ்சில் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர், சித்தியிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "யாரும்மா உங்க பையன்?" என்றார். அவரும் ஏதோ ஒரு பையனின் அப்பா என்று சித்தி நினைத்துவிட்டார்.

"சூர்யா சார். வண்டி ஓட்டுனது அவன்தான். ஆனா அன்னிக்கு ஜுரம், வூட்ல படுத்துகினு இருந்தேன்னு சொல்லச் சொல்லிக்கீறேன்."

"கரெக்டா சொல்லுவானா?"

"வாய் கொஞ்சம் தந்தி அடிக்கும் சார்... பாப்போம்."

சூர்யா பெயரைக் கூப்பிட்டார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரரும் ஃபைலோடு எழுந்து உள்ளே வந்தார். கேஸைப் பார்க்கும் சப்-இன்ஸ்பெக்டர்; ஸ்டேஷனுக்குப் புதியவர். பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று அங்கே போலீஸ் யூனிஃபார்மில் வருவதில்லையாம்.

"மேடம், அன்னிக்கு எனக்கு ஜுரம்..." என்று சூர்யா ஆரம்பித்தான்.

"வேணாண்டா... சாருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார் சித்தி.

மாஜிஸ்திரேட் மேடம் சிரிக்கவில்லை. சாதாரண மேஜைதான். எதிரே அவனை உட்காரச் சொன்னார். அவன் நடந்ததைச் சொன்னான். கேட்டு முடித்து, சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்கு அனுப்பினா அம்மா பொறுப்பா பார்த்துப்பாங்களா?"

"பார்த்துப்பாங்க மேடம். திரும்பத் தப்பு பண்ணினா, நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க."

மாலை ரயிலில் சூர்யா எங்களோடு வந்தான்.

இப்போது நான் பிளஸ் டூ. கேஸ் முடிந்து சூர்யா, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நண்பனின் கேஸ் பெரியவர்கள் கோர்ட்டில் இன்னும் வாய்தாவில் இருக்கிறது. ஒரே பைக், ஒரே மாலை...

முன்பெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிடுவார் சித்தி. இப்போது யாராவது அன்பாக "எந்த ஊரும்மா?" என்றால்கூட, சித்தி முதலில் கேட்பது:

"நீங்க இன்னா வேலை பாக்குறீங்க சார்?"