நெல் ஏற்றிய ராணுவ விமானம்

விமானப்படையில் சரக்கு விமானங்களின் உடல்பகுதியைப் பழுதுபார்க்கும் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து சார்ஜென்டாக ஓய்வு பெற்றவன் நான். என் பொறுப்பிலிருந்த விமானம் நடுரோட்டில் சிக்கிக்கொண்டது ஒரே ஒரு முறைதான். அது காரைக்கால் பக்கம் நெடுங்காடு என்ற ஊரில், ஓய்வுக்குப் பிறகு.

இரண்டாயிரங்களின் நடுவில் காரைக்காலில் ஒரு தனியார் கல்லூரி விமானப் பொறியியல் பிரிவு தொடங்க விண்ணப்பித்தது. தாளாளர் ஏலத்தில் ஒரு பழைய ராணுவ விமானத்தை எடுத்துவிட்டார். கொண்டுவந்து நிறுத்துவது என் வேலை. இறக்கைகளை முன்னமே அனுப்பிவிட்டோம். உடல்பகுதி ட்ரெய்லரில் வந்தது. நெடுங்காட்டில் அதன் வால், குறுக்கே போன மின்கம்பியில் முட்டவிருந்தபோது டிரைவர் பிரேக் போட்டார். கரண்டை நிறுத்த மேலிடத்தில் கேட்டுவிட்டு வருவதாகப் போன மின்துறை லைன்மேன் அன்று திரும்பவே இல்லை.

சாயங்காலம் மழை பிடித்தது. ரோட்டோரம் அறுவடை மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றின் சொந்தக்காரர்களில் ஒருவரான பாக்கியம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இதுக்குக் கதவு இருக்கா?"

"பின்னாடி இருக்கும்மா."

"தொறங்க. நெல்லு மொளச்சிடும்."

ஜீப்பே ஏறிப்போகிற மாதிரி வடிவமைத்த பின்கதவு. கதவை இயக்கும் ஹேண்ட் பம்ப்பை அடித்துச் சாய்தளமாக இறக்கினேன். "வழிய அடைக்காம முன்னாடி கொண்டுபோய் அடுக்குங்க," என்றேன். அடுக்கினார்கள்.

மறுநாள் காலை லைன்மேன் ஓடிவந்து கரண்டை நிறுத்தினார். உள்ளே அவருடைய மாமியாரின் மூட்டைகளும் இருந்தனவாம். ஆண்கள் மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, நெல்லோடு விமானம் நகர்ந்தது. பாக்கியமும் மற்றப் பெண்களும் லைன்மேனும் டிராக்டரில் பின்னாலேயே வந்தார்கள்.

கல்லூரியில் கிரேன் வைத்து அதன் சக்கரங்களிலேயே நிறுத்தி முடித்தபோது, புதுப் பிரிவுக்கு அனுமதி தரவேண்டிய ஆய்வுக்குழு வாசலில் இறங்கிவிட்டது. உள்ளே எட்டிப்பார்த்த தாளாளருக்கு வியர்த்தது.

"சார்ஜென்ட், இது லேபா, நெல்லு குடோனா? அவங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எறக்கச் சொல்லுங்க."

டீ முடிந்து குழுவினர் விமானத்தின் முன்பக்கம் வந்து நின்றார்கள். தாளாளர் காக்பிட்டில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

"இதோட விபத்து வரலாறு என்ன?" என்று குழுத்தலைவர் கீழேயிருந்து கேட்டார்.

"ஒரு விபத்துகூட கெடையாதுங்க," என்றார் தாளாளர்.

கடைசி மூட்டையோடு பாக்கியம் பின்பக்கமாக இறங்கினார். விமானத்தின் மூக்கு மெதுவாக மேலே எழுந்தது. வால் தரையில் உட்கார்ந்தது. தாளாளர் தென்னை மட்டை உயரத்துக்குப் போய்விட்டார்.

மூக்கிலிருந்த ரேடாரையும் வயர்லெஸ்ஸையும் ராணுவம் கழற்றிக்கொண்டுதான் கொடுத்திருந்தது. முன்பாரம் போய்விட்டது. இதுவரை நெல்தான் மூக்கை அழுத்திப் பிடித்திருக்கிறது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"இது சிலபஸ்ல இருக்கா?" என்றார் தலைவர்.

"சார்ஜென்ட், என்னைய எறக்குங்க," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"முதல்ல நெல்ல ஏத்தணும் சார்."

பாக்கியம் தலைச் சும்மாட்டை அவிழ்த்தார். "ஏத்துன்னீங்க, எறக்குன்னீங்க. எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

முன்சக்கரத்தில் கயிறு கட்டி இழுத்தோம். பெண்கள், டிராக்டர் டிரைவர், லைன்மேன் எல்லோரும் பிடித்தும் அசையவில்லை. தலைவர் கோட்டைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். குழுவினருக்கும் வேறு வழியில்லை. மூக்கு இறங்கியது. கயிற்றை விடாமல் பிடித்திருக்க, மூட்டைகள் மறுபடி ஏறின. தாளாளர் இறங்கிவந்து யாரையும் பார்க்காமல் தண்ணீர் கேட்டார்.

தலைவர் உள்ளங்கையைத் தேய்த்தபடி சொன்னார்: "வெயிட் அண்ட் பேலன்ஸ் பாடத்த இதுக்கு மேல யாரும் நடத்த முடியாது. வாலுக்கு ஒரு ஸ்டாண்ட் வையுங்க. அனுமதி தர்றேன்."

ஸ்டாண்ட் அடித்து முடியும்வரை நெல் விமானத்திலேயே இருந்தது. ஒரு மணிகூட முளைக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எத்தனை டன் ஏற்றலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எதையாவது இறக்கச் சொன்னால், சொல்வது முதலாளியாகவே இருந்தாலும், அது எதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இறக்குங்கள்.