பிரேக்கர் பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலி

1. மழை கொட்டிய ஒரு காலையில் எங்கள் வில்லாவில் மின்சாரம் போனது.
2. சற்று நேரத்தில் வந்தது. நான்கு வீட்டாரும் ஒரே நேரத்தில் கீசரையும் கெட்டிலையும் போட்டார்கள். சுமை தாங்காமல் மெயின் பிரேக்கர் விழுந்தது.
3. மாடியில் இருப்பவர் இறங்கி வந்து அதைத் தூக்கிவிட்டார். மறுபடியும் விழுந்தது.
4. என் மைனி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பிரேக்கர் பெட்டிக்கு முன்னால் போட்டார்.

அந்த நான்காவதைத்தான் நான் இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அமீரகத்தின் புஜைராவில் ஒரு வில்லாவை நான்காகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பகுதியில் என் அண்ணன் காக்கா, அவர் மனைவி மைனி, தங்கை நான். மைனிக்கு மாதம் நிறையாமல் ஒரு மகள் பிறந்திருந்தாள். அறை குளிரவே கூடாது என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். சூடும் தருகிற ஏசி ஒன்றைக் காக்கா தேடிப்பிடித்து மாட்டியிருந்தார். வந்து வந்து போகும் மின்சாரத்தில் அதைப் போட்டால் அதன் போர்டு கருகும். போடாவிட்டால் அறை குளிரும். எண்ணெய்க் கிடங்கில் மின்பிரிவில் வேலை பார்க்கும் நான், செய்யவேண்டியவற்றை ஏழு வரிகளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். சுவிட்சை அணைக்கவும், மின்சாரம் வந்தபின் பத்து நிமிடம் பொறுக்கவும் என்று. எல்லாமே எங்கள் வீட்டுக்கான வரிகள். நான்கு வீடும் ஒரே மெயினில் ஓடுவது தெரிந்தும் மற்ற மூன்று வீடுகளை மறந்திருந்தேன்.

அன்று காக்கா கடைக்குச் சரக்கெடுக்க துபாய் போயிருந்தார். நான் டியூட்டியில், வெளியே சாலையெல்லாம் தண்ணீர். பெட்டியில் மற்ற வீடுகளின் சுவிட்சுகளைக் கீழே தள்ளிவிடுங்கள் என்று போனில் சொன்னேன். மைனி மாட்டேன் என்றார்.

"சொல்லாம அணைச்சா, அவங்களும் சொல்லாம போடுவாங்கம்மா."

அக்கம்பக்கத்தில் ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொள்பவர், பிள்ளையைச் சால்வைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "பாய், கீசர் மாஃபி. சோட்டா பச்சா ஹை." கீசர் வேண்டாம், சின்னப் பிள்ளை இருக்கிறது என்று. அவருடைய இந்தியும் அரபியும் அவ்வளவுதான். இரண்டு கதவுகளில் அச்சா என்றார்கள். மாடியில் இருந்த தஞ்சாவூர்க்காரர்தான் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "குளிக்கக்கூட இனி உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே. கரண்டு பத்து நிமிசம் ஒழுங்கா நிக்கட்டும். எம் பிள்ள ரூமு சூடாவட்டும். பொறவு நானே வந்து சொல்றேன், குளிங்க."

அவர் மெயினைத் தூக்கிவிட்டு மேலே போனார். மைனி நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தையும் நான் கிடங்கிலிருந்து கடிகாரம் பார்த்து எண்ணினேன். பிறகு மைனி உள்ளே போய் ஏசியைப் போட்டார். அது ஓடத் தொடங்கிய சத்தம் எனக்கும் கேட்டது. அறை சூடானதும் சொன்னபடியே கதவு கதவாகப் போய், ஒரு வீடு முடித்தபின் அடுத்த வீடு என்று கீசர் போடச் சொன்னார். எங்கள் கிடங்கில் இதே வேலைக்கு ஒரு கட்டுப்பாட்டு அறையும் மூன்று ஷிப்ட் ஆட்களும் இருக்கிறார்கள்.

இப்போது மகளுக்கு இரண்டு வயது. ஏசி அதே போர்டில் ஓடுகிறது. மழையில் மின்சாரம் போய் வந்தால், எந்த வீடு முதலில் என்று மைனியிடம் கேட்டுவிட்டுத்தான் நான்கு வீட்டிலும் கீசரைத் தொடுகிறோம்.