அம்மா லைற்றை அணைத்த ஹோட்டல்

ரூத் அன்ரி போய்விட்டார்...

காலையில் ட்ராமில் நிற்கும்போது அவருடைய மகனின் மெசேஜ். நித்திரையிலேயே போய்விட்டாராம். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அப்படியே நின்றேன்.

இங்கே அடிக்கடி "காட்டு ஹோட்டல்" என்று எழுதுவேனே, அதை நடத்தியவர். தெரியாதவர்களுக்காக...

எண்பத்தாறு, குளிர்காலம். எனக்கு எட்டு வயது. நானும் அம்மாவும் ஜெர்மனியில், ஹைம் என்னும் அகதிகள் விடுதியில். ஒரு அறை, இரண்டு குடும்பம், நடுவில் ஒரு சீலை. அப்பா இன்னும் கொழும்பில்.

பக்கத்துக் காட்டுக்குள் ஒரு யூதக் குடும்பத்தின் சின்ன ஹோட்டல். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வயதானவர்கள் ஓய்வுக்கு வருவார்கள். சமையலறைக்கு ஆள் தேவைப்பட்டது. ரூத் அன்ரியே அலுவலகத்தில் போய்க் கதைத்து அம்மாவுக்கு வேலை அனுமதி எடுத்தார்.

ஒரு கிழமை பார்ப்போம், சரிவந்தால் வேலையும் உங்களுக்கு, மேல்மாடி அறையும் உங்களுக்கு என்றார். எனக்கு அந்த அறைதான் கண்ணுக்குள்ளேயே நின்றது... கதவுக்கு உள்பக்கம் பூட்டு இருந்தது.

அங்கே பால் பாத்திரம் வேறு, இறைச்சிப் பாத்திரம் வேறு. கரண்டிகூட மாறக்கூடாது. அம்மாவுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை.

"எங்கட வீட்டிலயும் மீன், இறைச்சி காய்ச்சுற மச்சச் சட்டி வேறதான் எண்டு அவவுக்குச் சொல்லு பிள்ளை." நான் ஜெர்மனில் சொன்னேன். "அப்ப பாதிப் படிப்பு முடிஞ்சுது" என்றார் ரூத் அன்ரி.

மற்றப் பாதிதான் பிரச்சினை...

வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்னர் சாப்பாட்டு மண்டபத்தில் ரூத் அன்ரி மெழுகுவர்த்தி ஏற்றினார். அம்மா கதவடியில் நின்று கும்பிட்டார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், அம்மா மேலே எரிந்த லைற் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்.

விளக்கு வைத்த இடத்தில் லைற் எதற்கு? அதோடு கறண்ட் வீண் என்று ஹைமில் கத்திக் கத்தியே அம்மாவைப் பழக்கியிருந்தார்கள்.

மண்டபத்தில் எல்லோரும் ஆளையாள் பார்த்தார்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், சுவிட்சைத் தொடமாட்டார்கள். போடச் சொல்லி யாரையும் கேட்கவும் மாட்டார்கள். அது எங்களுக்கு எப்படித் தெரியும்...

"இண்டைக்குக் கொஞ்சம் இருட்டாய்க் கிடக்கு, என்ன?" என்றார் ரூத் அன்ரி, யாரையும் பார்க்காமல். அம்மா சிரித்துக்கொண்டே ஓம், ஓம், நல்ல வடிவு என்று தலையாட்டினார்.

வருஷா வருஷம் வரும் லியோ என்ற கிழவர் சொன்னார்: "ரூத், என்ர சூப் எங்க இருக்கெண்டு தெரியுது. என்ர வாயைத்தான் காணேல்ல."

மூலை மேசையில் எனக்குக் கணக்குப் பாடம். எழுத்துத் தெரியவில்லை. எழுந்து போய் லைற்றைப் போட்டேன். மண்டபமே கைதட்டியது.

அம்மா ஓடி வந்தார். "ஆர் உன்னைப் போடச் சொன்னது? விளக்கு வைச்சிருக்கினம், கண் தெரியேல்லையே?" திரும்ப அணைத்தார். மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு.

"அம்மா, நான் கணக்குச் செய்யவேணும்."

படிப்பு என்றால் அம்மாவிடம் மறுபேச்சு இல்லை. அவரே போய்ப் போட்டார். லியோ கரண்டியைத் தூக்கி எனக்கு வணக்கம் வைத்தார்.

ஆனால் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அங்கிருந்தவர்களின் முகங்களைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிட்டார். சனி முழுக்க ரூத் அன்ரி சிரித்தாரே தவிர, வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கேட்டதற்கு, "பொழுதுபடட்டும்" என்றார். சனியில் வேலைக் கதை பேசமாட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

அம்மா பையை அடுக்கி வைத்துவிட்டார். "திரும்ப ஹைம்தான் பிள்ளை."

நட்சத்திரம் தெரிந்ததும் ரூத் அன்ரி சமையலறைக்குள் வந்தார். எல்லாவற்றையும் சொன்னார், நான் எனக்குத் தெரிந்த மாதிரி மொழிபெயர்த்தேன். அம்மா தலையில் கைவைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார்.

"பிழை என்னில. நான் முதலே சொல்லியிருக்கவேணும்," என்றார் ரூத் அன்ரி. "இப்ப நீங்கள் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமையில நீங்கள் என்ன செய்யமாட்டியள்?"

"மச்சம் சாப்பிடமாட்டம்."

"கடவுளே... எங்களுக்குக் கோழி சூப் இல்லாட்டி அது வெள்ளிக்கிழமையே இல்லை."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு... அந்தச் சிரிப்போடேயே அறைச் சாவியை அம்மாவின் கையில் வைத்து மூடினார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குக் கோழி போடாத சூப், தனிச் சட்டியில். லியோ என்னைக் கண்டால் முதல் கேள்வி, "கணக்குச் செய்து முடிச்சாச்சோ?"

அப்பா வந்து இறங்கியதும் அந்த அறைக்குத்தான்.

இப்போது டுசல்டோர்ஃபில் அம்மா வீட்டில் இருந்து எழுதுகிறேன். செய்தியைச் சொன்னேன். அம்மா எழுந்து போய் அறை அறையாக லைற்றைப் போட்டார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பழக்கத்தில் நான் நடைபாதை லைற்றை அணைக்கப் போனேன்.

"தொடாத. நாளைக்குப் பொழுதுபடுமட்டும் எரியட்டும்."

போய் வாருங்கோ ரூத் அன்ரி... இங்கே நல்ல வெளிச்சம்.