டெல்வாவும் ஐம்பத்தேழு சதவீதமும்

ஆரோக்கியசெல்வி டெல்வாவைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் அவளுடைய லேப்டாப். அக்கா முறை ஆகிற ஒருத்தி கொடுத்த பழைய மெஷின் அது. எல்லாரும் படிக்கிற பெரிய கணினி மொழிகளை ஏற்றினால் ஃபேன் இரைந்து அப்படியே நின்றுவிடும். டெல்வா சின்ன மொழி. ஒரே கோப்புதான், இறக்கியதும் ஓடியது.

இரண்டாவது காரணம் ரோஷம். வேலை பார்க்கிற இடத்துக் கணினியில் உட்கார்ந்து, பெரிய மொழி ஒன்றில் இருந்த தவறைத் திருத்தி, அதை நடத்துகிறவர்களுக்கு அனுப்பியிருந்தாள். எட்டு மாதம் கிடப்பில் கிடந்தது. பிறகு ஒரு வார்த்தை காரணம் சொல்லாமல் மூடிவிட்டார்கள். டெல்வாவிலோ உலகம் முழுக்கச் சேர்த்தாலும் நாற்பது பேர்தான் வேலை பார்த்தார்கள். எஸ்டோனியாவில் இருந்துகொண்டு அதை உருவாக்கிய டூமாஸ் என்பவர் அவள் அனுப்பிய முதல் கேள்விக்கு அன்று மதியமே பதில் எழுதினார்.

திண்டிவனத்திலிருந்து தினமும் காலை ரயிலேறி விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். டேலி, எக்ஸல், தமிழ் டைப்பிங். சென்டர் முதலாளி சீனுவாசன் நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஊர்ல எவனும் கேள்விப்படாத ஒண்ண வச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போற? ஜாவா படிச்சவனே வேல இல்லாம சுத்திக்கினு இருக்கான்."

"கூட்டம் இல்லாத எடத்துலதான் சார் நம்ம மூஞ்சி தெரியும்" என்பாள்.

தெரியத்தான் செய்தது. டெல்வாவுக்குத் தமிழ் எண்ணத் தெரியவில்லை என்பதை முதலில் கண்டவள் அவள். 'செல்வி' என்ற மூன்றெழுத்தை அது ஆறு என்று எண்ணியது. பெயரைத் திருப்பிப் போடச் சொன்னால் கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் பிய்ந்து விழுந்தது. நான்கு மாதம் உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள். அந்தத் திருத்தத்தால் இந்தியும் வங்காளமும்கூடச் சரியாயின. அடுத்த பதிப்பின் அறிவிப்பில் டூமாஸ் அவள் பெயரைப் போட்டு நன்றி எழுதினார். புதிதாக வருகிறவர்களுக்கான கையேட்டையும் அவளையே எழுதச் சொன்னார். இரண்டு வருஷம், ரயிலில் இடம் கிடைத்த நாளெல்லாம் மடியில் லேப்டாப்பை வைத்து எழுதினாள்.

மூன்றாம் வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்று டெல்வாவில் வேலை தொடங்கியது. ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. சீனுவாசனே வாய்விட்டுச் சிரித்து லீவு கொடுத்தார். "போய் வாங்கிக்கினு வா."

நேர்முகத்தில் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த முதல் ஆள் தன் திரையில் அவளுடைய கையேட்டைத்தான் திறந்து வைத்திருந்தார். "இத எழுதினதே நீங்கதானா?" என்று எழுந்து கைகொடுத்தார். ஒரு மணி நேரம் அவளிடம் சந்தேகம் கேட்டு எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது அம்மாவுக்குப் போன் போட்டு, வேலை கிடைத்தமாதிரிதான் என்று சொல்லிவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

அடுத்த அறையில் இருந்த பெண் கோப்பைப் புரட்டினாள்.

"பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரி மூணுலயும் அறுபது பர்சன்ட் வேணும்ங்க. உங்களுக்கு ப்ளஸ் டூல ஐம்பத்தேழு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் கேப் இருக்கே, என்ன பண்ணீங்க?"

அம்மா லூர்துமேரி, கடலைக் காட்டு வேலைக்கு ஆள் ஏற்றிப்போன வேனிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட வருஷம் அது. பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னால். பரீட்சையை எப்படியோ எழுதிவிட்டு, அம்மாவின் இடத்தில் அவள் போனாள்.

"மல்லாட்டை புடுங்கப் போனேன்" என்றாள்.

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். "சிஸ்டமே எடுத்துக்காதுங்க. எங்க கையில ஒண்ணும் இல்ல."

முதல் அறைக்காரர் லிஃப்ட் வரை வந்தார். மன்னிப்புக் கேட்டார். கையேட்டின் அடுத்த பகுதி எப்போது வரும் என்றும் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து, டெல்வாவின் கேள்விப் பக்கத்தில் கோகுலகிருஷ்ணன் என்று ஒருவன் எழுதினான். அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன். எடுத்ததுமே 'டியர் சார்'. அவள் அங்கேயும் கையேட்டிலும் டி.எம்.வி. என்ற பெயரில் இருந்தாள். கேட்டதெல்லாம் கையேட்டில் இருந்த விஷயம்தான். பதில் சொன்னாள். மறுநாள் இரண்டு கேள்வி, அதற்கு மறுநாள் மூன்று. ஒருநாள் அவனுக்கே பொறி தட்டியது: 'டி.எம்.வி. திண்டிவனம் ஸ்டேஷன் கோடாச்சே சார்? நான் விழுப்புரம் பக்கம் கெடார். போன் நம்பர் தர முடியுமா?'

கொடுத்தாள். உடனே போன் வந்தது.

"ஐயோ, மேடமா? நீங்க ஃபாரின்ல இருக்கீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்க டீமே உங்க கையேட்ட வச்சித்தான் மேடம் ஓட்டிக்கினு இருக்கு. நீங்க ஏன் இங்க அப்ளை பண்ணல?"

"பண்ணேன். ப்ளஸ் டூல மார்க் பத்தல."

அவனுக்கு எண்பத்து நாலு சதவீதம். டெல்வா என்ற பெயரை வேலையில் சேர்ந்த அன்றுதான் கேட்டிருக்கிறான். கெட்டவனில்லை, குரலிலேயே சங்கடம் தெரிந்தது.

"ரொம்ப பேஜாரா இருக்கு மேடம்" என்றான். பிறகு, "தப்பா நெனச்சிக்காதீங்க... நேத்து கேட்ட அந்த மூணாவது கேள்வி மட்டும்... இன்னிக்கி முடிச்சித் தரணும்."

சொன்னாள். வரி வரியாக, அவன் எழுதிக்கொள்ள நேரம் கொடுத்துச் சொன்னாள். அவன் நன்றி சொல்லும் முன்பே போனை வைத்தாள்.

அன்று மாலையே டூமாஸுக்கு எழுதினாள்: இனிமேல் கையேட்டைத் தன்னால் பார்த்துக்கொள்ள முடியாது, வேறு ஆள் பார்க்கவும். வருத்தம் தெரிவித்து இரண்டு வரி பதில் வந்தது. அடுத்த மாதம் கையேட்டுப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அந்தச் சென்னைக் கம்பெனியின் பெயர் ஏறியது.

டெல்வாவை லேப்டாப்பிலிருந்து அவள் அழிக்கவில்லை. திறக்கவும் இல்லை. சீனுவாசன் கேட்டார், "அந்தப் பாஷை இன்னாம்மா ஆச்சு?"

"நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, பத்து மணி டேலி வகுப்புக்குப் போனாள்.